முப்பத்தொரு குஞ்சுகளும் ஒரு மாற்றல் மனுவும்

பாட்டிலுக்குள் ஒன்றும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலை ரெக்கார்டு பிரிவு எழுத்தர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், குலுக்கினார், காதில் வைத்துக்கூடக் கேட்டுப் பார்த்தார். முட்டைகள் செங்கல் பொடி மாதிரி அடியில் படிந்து கிடந்தன.

அலுவலகத்தில் அவருக்குப் படபடப்பார் என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பிப் போகிற ரகம். அவரிடம் போய் மேலாளர் அம்மா தன் அறையிலிருந்த மீன் தொட்டியை ஒப்படைத்துவிட்டு, வியாழக்கிழமை காலை பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார். தொட்டியில் ஒரு ஜோடி மீன், அவை ஈன்ற முப்பத்தொரு குஞ்சுகள். ஒவ்வொன்றும் இமை முடி அளவுதான் இருக்கும். ஆனால் நாக்கு ரொம்ப நீளம். உப்புத் தண்ணீரில் அன்றன்று பொரிக்கிற ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைத் தவிர வேறு எதையும் தொடாது. வெள்ளிக்கிழமை வரைக்குமான இறாலை அம்மா பொரித்து வைத்திருந்தார். அதற்கு மேல் இவர் பாடு.

முடியாது என்று சொல்ல முடியுமா? மூன்று வருடங்களாக மனைவியும் மகளும் ஓர் ஊரில், அவர் ஓர் ஊரில். அவருடைய மாற்றல் மனு அம்மாவின் மேஜைமேல் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. "திங்கக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று சொல்லும்போது அம்மா மனுவைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தார்.

படபடப்பாருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் எட்டே மாதத்தில் சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர். கொடுத்துவைத்தவர் என்று இவர் அடிக்கடி பெருமூச்சு விடுவார்.

டீ கொண்டுவந்த அட்டெண்டர் பாட்டிலை எட்டிப் பார்த்தார்.

"சார், இந்த மீன் விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுங்கண்ணே, இங்க உயிர் போகுது!" என்றபடி படபடப்பார் பாட்டிலோடு மீன் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் பாட்டிலை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "எவ்வளவு முட்டை போட்டீங்க?"

"டப்பா முழுக்க. குறைஞ்சுபோச்சுன்னா என்ன பண்றது?"

"ஒரு சிட்டிகை போதும் சார்! சரி, எங்க வெச்சிருந்தீங்க?"

"மூடியை இறுக்கி, பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். பாதுகாப்பா இருக்கட்டும்னு."

கடைக்காரர் பாட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அதுக்குக் காத்து வேணும், வெளிச்சம் வேணும், கதகதப்பு வேணும். நீங்க என்னடான்னா ஜெயில்ல போட்டிருக்கீங்க." அலமாரியில் துழாவி ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "இதுதான் கடைசி."

"இது உயிரோட இருக்கா?"

"தூங்குது சார். உப்புத் தண்ணியில ஒரு நாள் இருந்தா எழுந்துக்கும்."

"காத்துக்கு ஒரு பம்பு கொடுங்க."

"பம்பு திங்கக்கிழமைதான் வரும்."

திங்கக்கிழமை என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவர் டப்பாவை அள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

தொட்டியில் ஒரு பம்பு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. புதுப் பாட்டிலில் உப்புத் தண்ணீரும் ஒரு சிட்டிகை முட்டையும் போட்டு, அந்தப் பம்பைப் பிடுங்கி அதில் விட்டார். ஒரு மணி நேரத்தில் பெரிய மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. படபடப்பார் பதறிப்போய்க் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு குவளையிலும் குஞ்சு ஏதாவது வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு ஊற்ற வேண்டியிருந்தது.

"சார், நகல் கேட்டு ரெண்டு மணி நேரமாச்சு!" என்று கவுன்டரில் ஒருவர் கத்தினார்.

"இன்னும் நூறு குவளைதான், வந்துடறேன்!"

பேனாக் குழல் ஒன்றைச் செருகி, டேப் சுற்றி, ஒரே பம்பின் காற்றை இரண்டாகப் பிரிக்கலாம் என்று தோன்றியபோது அவருக்குக் கை விட்டுப் போயிருந்தது. அடுத்தது கதகதப்பு. அம்மாவின் மேஜை விளக்கைப் பாட்டிலோடு ஒட்டினாற்போல் வைத்துவிட்டு, கவுன்டருக்குப் போய் நாலு நகல் கொடுத்துவிட்டு வந்தார்.

பிளாஸ்டிக் பாட்டில் ஒரு பக்கம் இளகி, பொத்துக்கொண்டு, உப்புத் தண்ணீர் மேஜையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அது நேராகப் போய் நின்ற இடம் அவருடைய மாற்றல் மனு.

"ஐயோ, என் பொண்டாட்டி பிள்ளை!" என்று அலறிவிட்டார்.

மனுவை அதே விளக்கில் காயவைத்தார். மிச்சத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றினார். அட்டெண்டர் தரையைத் துடைத்துக்கொண்டே, "சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா…" என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இப்ப எதுவும் சொல்லாதீங்க."

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் ஊருக்குப் பஸ். பன்னிரண்டு மணிக்கு ஜாடியில் இன்னும் ஒன்றும் இல்லை. குஞ்சுகளின் வயிறு ஒட்டிப் போயிருந்தது. வீட்டுக்குப் போன் செய்தார்.

"இந்த வாரம் வர முடியாதும்மா. மீனுக்குச் சாப்பாடு இல்ல."

மனைவி போனை மகளிடம் கொடுத்தாள்.

"அப்பா, என் முதல் பல்லு விழுந்துடுச்சு. நீங்க வந்தாக் காட்டலாம்னு டப்பாவுல வெச்சிருக்கேன்."

"அப்படியே வெச்சிரு கண்ணு. மீன் பொழச்சா அப்பா ஒரேடியா அங்கயே வந்துடுவேன்" என்றார்.

மூன்று மணிக்கு ஜாடியில், விளக்குப் பக்கமாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி துள்ளியது. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை. படபடப்பார் தன் கைக்குட்டையில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, தொட்டியில் விட்டார். குஞ்சுகள் பாய்ந்து பாய்ந்து தின்றன. ஒவ்வொன்றின் வயிறும் ஆரஞ்சாக உப்பியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைத் திறந்துவிட்ட அட்டெண்டர் மறுபடியும் வாயைத் திறந்தார். "முப்பத்தொண்ணும் இருக்குண்ணே!" என்று படபடப்பார் அவரைக் கட்டிக்கொண்டதில் அவருக்குப் பேச மூச்சில்லை.

திங்கட்கிழமை அம்மா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் குஞ்சுகளை எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார்.

"முப்பத்தொண்ணு! பிரமாதம் சார். நானே பார்த்திருந்தாலும் நாலஞ்சு போயிருக்கும்."

மேஜையில் உட்கார்ந்து, மொடமொடவென்றிருந்த மனுவை எடுத்தார். "என்ன இது, பேப்பரெல்லாம் உப்புப் பூத்திருக்கு? அழுதுக்கிட்டே எழுதினீங்களா?"

"ஆமாம் மேடம்" என்றார் படபடப்பார். அது பொய்யென்றும் சொல்ல முடியாது.

அம்மா பேனாவைத் திறந்தார். தொட்டியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"உங்களை மாதிரி ஒரு ஆளை அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்? அடுத்த மாசம் இன்னும் ரெண்டு தொட்டி வருது. மாற்றலை ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம், என்ன?"

படபடப்பார் எப்படியோ நடந்து தன் நாற்காலிக்கு வந்து விழுந்தார். இரண்டு வருடத்தில் மகளுக்கு இன்னும் எத்தனை பல் விழுந்து முளைக்குமோ! அட்டெண்டர் டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு குனிந்தார்.

"இதைத்தான் சார் வெள்ளிக்கிழமையிலேர்ந்து சொல்ல வரேன். உங்களுக்கு முன்னாடி இருந்தவர் ரெண்டே நாள்ல மொத்த மீனையும் சாகடிச்சுட்டார். 'என் கண்ணுல படாதீங்க, உங்க ஊருக்கே போய்த் தொலைங்க'ன்னு அம்மா அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டாங்க!"