எல்.கே.ஜி. சீட்டும் இருபத்தேழு சொற்களும்

இருபத்தாறு ஆங்கில இலக்கணச் சொற்கள் பத்மாவதிக்கு மனப்பாடமாகிவிட்டன. இருபத்தேழாவதான அலிட்டரேஷன் மட்டும் காலை எட்டு மணியாகியும் மனத்தில் நிற்க மறுத்தது.

"இன்னொருக்காக் கேளுங்க," என்றாள், தோசையைத் திருப்பிப் போட்டபடி.

அவள் கணவன் திருமலைசாமி ஒரு கையில் நோட்டையும் மறு கையில் சட்னிக் கிண்ணத்தையும் பிடித்திருந்தான். பம்புக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறைக்காரன். பத்தாம் வகுப்போடு ஆங்கிலத்திடம் விடைபெற்றுக்கொண்டவன்.

"இதை எப்படிப் படிக்கறதுன்னே தெரியலியே கண்ணு. மூணரை வயசுப் புள்ளைய எல்.கே.ஜி.யில சேத்தறதுக்கு இத்தனையுமா கேப்பாங்க?"

"புள்ளைய எங்க கேக்கறாங்க? பெத்தவங்களைத்தான் கேப்பாங்க. எங்கண்ணன் மகனுக்குப் போன வருஷம் வேற பள்ளிக்கூடத்துல எதனால சீட்டு கிடைக்கல? சாயங்காலம் நாலு மணிக்குப் போய்க் குட் மார்னிங் சொல்லிப்போட்டாரு எங்கண்ணன்."

திருமலைசாமி நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

நோட்டு பக்கத்து வீட்டு ரம்லாவுடையது. அவள் ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். 'ஆங்கில ஆசிரியராக விரும்புவோருக்கு அடிப்படை இலக்கணமும் இலக்கியச் சொற்களும்' என்று அட்டையில் முத்து முத்தாக எழுதியிருந்தாள். ஆசிரியருக்கே இவ்வளவு போதுமென்றால் ஒரு தாய்க்கு இது தாராளம் என்று கணக்கிட்டு, பத்மாவதி அதைப் பத்து நாளில் விழுங்கியிருந்தாள்.

எட்டரைக்குப் பட்டறையிலிருந்து தொலைபேசி வந்தது. வால்பாறை எஸ்டேட்டுக்கு அன்றே லாரியில் ஏற்றவேண்டிய பம்புக்குக் கடைந்த பாகம் பொருந்தவில்லையாம்.

"நான் போயே ஆகோணும் பத்மா. நீ ஒருத்தியே பேசிட்டு வந்துபோடு. நான் வந்தாலும் சும்மா சிரிச்சுட்டுத்தான் உக்காந்திருப்பேன்."

"அந்தச் சிரிப்புக்கும் மார்க்கு உண்டுங்க!"

அவன் ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டது. பத்மாவதி சற்றும் தளரவில்லை. மகள் வர்ஷினியை ரம்லாவிடம் ஒப்படைத்தாள். தகப்பனுக்கும் தாய்க்குமாகத் தான் ஒருத்தியே இரு மடங்கு பதில் சொல்லிவிடுவதென்று தீர்மானித்து, டவுன் பஸ் ஏறினாள்.

அவிநாசி சாலையில் அந்த மெட்ரிக்குலேஷன் பள்ளி ஜூன் மாதந்தான் திறக்கவிருந்தது. சுவர்களில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு அமர்ந்திருந்த பியூன் கண்ணையா எழுந்து நின்றார்.

"இன்டர்வியூங்களா அம்மணி?"

"ஆமாங்க."

"இதை நெரப்பிக் குடுத்துட்டு உள்ள போங்க."

படிவம் ஒழுங்கற்றதாக இருந்தது. குழந்தையின் பெயருக்கு இடமே இல்லை. பெயர், படிப்பு, அனுபவம், விரும்பும் வகுப்பு, அவ்வளவே. புதிய பள்ளி, போகப்போகத் திருத்திக்கொள்வார்கள் என்று மன்னித்து, தன் பெயரை எழுதினாள். படிப்பு, பி.எஸ்ஸி. தாவரவியல். விரும்பும் வகுப்பு, எல்.கே.ஜி. அனுபவம் என்ற இடத்தில் சற்றுத் தயங்கினாள். வர்ஷினியின் வயதைக் கணக்கிட்டு, மூன்றரை ஆண்டு என்று நிரப்பினாள்.

உள்ளே மூவர் இருந்தனர். மேசைமேல் அட்டையில் அவர்கள் பெயர்கள். நடுவே புது டையோடு கிருபாசங்கர். அவருக்கு வலப்புறம் நஸ்ரியா. இடப்புறம் அடர்ந்த மீசையோடு கருப்புசாமி. மூவரும் ஒரே நேரத்தில் எழுந்து வணங்கினார்கள். சீட்டுக் கேட்டு வந்தவளுக்கு இத்தனை மரியாதையா என்று பத்மாவதி வியந்தாள்.

நவுன், வெர்ப், ப்ரெபொசிஷன் மூன்றும் ஒரு நிமிடத்தில் முடிந்தன.

"சிமிலிக்கு ஓர் உதாரணம் சொல்லுங்க," என்றாள் நஸ்ரியா.

நோட்டிலிருந்த உதாரணம் அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று. பத்மாவதி அசரவில்லை.

"'அவிநாசித் தேராட்ட எங்க நாத்தனார் அசைஞ்சு வந்தாங்க.' இது சிமிலிங்க."

"மெட்டஃபர்?"

"மாதிரின்னு சொல்ற அந்த 'ஆட்ட'வை எடுத்துப்போட்டா மெட்டஃபருங்க. 'எங்க நாத்தனார் ஒரு அவிநாசித் தேர்.'"

"பெர்சோனிஃபிகேஷன்?"

"அந்தத் தேரே வந்து 'காப்பி வைக்கலையா?'ன்னு கேட்டா, அது பெர்சோனிஃபிகேஷனுங்க."

கருப்புசாமி மீசைக்குள் சிரித்தார். மூவரும் தலை குனிந்து விறுவிறுவென்று எழுதிக்கொண்டனர்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்ட கிருபாசங்கர் நிமிர்ந்தார். "ஹைபர்போல்னா ஒரு விசயத்தைக் கொறைச்சுச் சொல்றது. சரிதானுங்களே?"

"தப்புங்க. கூட்டிச் சொல்றதுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கேள்வி கேட்பவரையே திருத்திவிட்டாளே! சீட்டு கைநழுவப் போகிறது.

"நீங்க என்னைச் சோதிக்கறதுக்குத்தானுங்க மாத்திச் சொன்னீங்க?" என்று அவசரமாக ஒட்டுப் போட்டாள்.

கிருபாசங்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆமாங்க, ஆமாங்க. சோதிக்கத்தான்."

"அப்படீன்னா மிச்சத்தையும் போர்டுல எழுதிக் காட்டுங்க அக்கா," என்று நஸ்ரியா சாக்பீஸை நீட்டினாள்.

செய்த பிழைக்கு ஈடுகட்டும் வேகத்தில் பத்மாவதி, காலையில் நிற்க மறுத்த அலிட்டரேஷன் உட்பட இருபத்தேழு சொற்களையும் வரிசை மாறாமல் எழுதி விளக்கினாள். கொட்டாவி விட்ட கருப்புசாமியைப் பழக்கதோஷத்தில், "இங்க பாருங்க!" என்று அதட்டியும்விட்டாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூவரும் கூடிப் பேசினார்கள். கிருபாசங்கர் மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"எப்பங்க வந்து சேர்றீங்க?"

"ஜூன் முதல் தேதியே சேத்திப்போடலாமுங்க."

"யாரைங்க?"

"எம்மகளைத்தானுங்க."

"நாங்க உங்களைக் கேட்டமுங்க." அவர் ஒரு தட்டச்சுக் கடிதத்தை நகர்த்தினார். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஆங்கில ஆசிரியை.

பத்மாவதி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். இது ஆசிரியர் வேலைக்கான இன்டர்வியூவா! எப்படியாவது வெளியேற வேண்டும். ஆனால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவள் வளர்ந்த ஊர் கற்றுக்கொடுக்கவில்லை.

"நான் படிச்சது பொட்டனிங்க," என்று தொடங்கினாள்.

"அதுக்கும் ஆளில்லீங்க," என்ற கருப்புசாமி கடிதத்தில் ஒரு வரி சேர்த்தார்.

"மூணரை வருஷ அனுபவம்னு எழுதுனது எம்மகளை வளத்துனதுங்க."

"ஒரே புள்ளைய ராத்திரி பகலா மூணரை வருஷம் சமாளிச்சிருக்கீங்க. இங்க ஒரு பீரியடு முக்கால் மணி நேரந்தானே அக்கா," என்றாள் நஸ்ரியா.

"எனக்குக் கோவம் பொல்லாதுங்க."

கருப்புசாமி அனுபவப்பட்டவராகத் தலையசைத்தார். அந்தக் கோபத்துக்காகவே எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு அவள் பொறுப்பாயிற்று.

"எம்மகளுக்குச் சீட்டுங்க?" என்று கேட்டாள்.

"பொதுச் சீட்டெல்லாம் போன புதன்கெழமையே தீந்துபோச்சுங்க," என்றார் கிருபாசங்கர். " இனி இங்க வேலை பாக்கறவங்க குழந்தைங்களுக்கு மட்டுந்தான். கையெழுத்துப் போட்டீங்கன்னா பாப்பாவுக்கு இப்பவே ஆயிப்போச்சு."

"ஆகட்டுங்க, யோசிச்சுச் சொல்றேனுங்க," என்று கடிதத்தோடு வெளியே வந்தாள்.

வராந்தாவில் நின்று அவள் நிதானமாக யோசித்தாள். ஒரு கையெழுத்து, வர்ஷினிக்கு எல்.கே.ஜி. ஆனால் அடுத்த வீட்டு நோட்டைப் பத்து நாள் உருப்போட்டுவிட்டு, கற்றுத் தேர்ந்த மூன்று ஆசிரியர்களை ஏய்ப்பதா? நாளைக்கே அவர்கள் வகுப்பு வாசலில் நின்று கவனித்தால் சாயம் வெளுக்காதா? மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடி வந்தவள் பொய்யால் அதன் வாசலைத் திறக்கக்கூடாது. சீட்டு போனால் போகட்டும். இன்னும் நான்கு பள்ளிகள் இருக்கின்றன. நான்கிலும் ஏறி இறங்குவாள்.

அவள் நேரே கண்ணையாவிடம் நடந்து, கடிதத்தை நீட்டினாள்.

"ஏனுங்க, இதை உள்ள குடுத்துப்போடுங்க. நான் புள்ளைக்கு எல்.கே.ஜி. சீட்டு கேட்டு வந்தவ. தெரியாம இந்த ரூமுக்குள்ள போயிட்டேன். இங்கிலீசைக் கரைச்சுக் குடிச்ச அந்த மூணு பேரையும் ஏமாத்தறதுக்கு எனக்கு மனசு வரலீங்க."

கண்ணையா கடிதத்தை வாங்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க அம்மணி. அவிய மூணு பேரும் போன வியாழக்கெழமை எல்.கே.ஜி. சீட்டு கேட்டு வந்தவியதானுங்க."