மணியடிக்காத டெலிபோனும் ஒற்றைக்காலில் நின்ற உன் அம்மானும்

பொய்யாத விநாயகர் துணை

காஜா பேராங், மலாக்கா,
அக்டோபர் 1957

சிங்கப்பூரில் டெலிபோன் பட்டறையில் உத்தியோகம் பார்க்கும் மகன் சிரஞ்சீவி நாராயணனுக்கு அப்பச்சி மருதப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நாக்கு நுனி இன்னும் மரத்துக் கிடக்கிறது, முதுகில் செவ்வெறும்பு கடித்த தடிப்பு இறங்கவில்லை. ஆகவே நலம் அவ்விடமே இருக்கட்டும்.

நீ அனுப்பிய பட்டாளத்து டெலிபோன் பெட்டிகள் இரண்டும் வந்து சேர்ந்தன. அவற்றை எதற்குக் கேட்டேன் என்பதை இப்போது மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா அன்று விருந்துக்கு வந்தவர்கள் முன்னால், கவுனி அரிசி வேகவில்லை, பல் வைத்தியருக்கும் ஒரு இலை போட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். உன் ஆத்தா நாச்சி சிரிக்கவில்லை. "நாட்டுக்கு மெர்டேக்கா வந்தாச்சு, எனக்கும் வந்தாச்சு. இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன், நானா முதல்ல பேசவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, எதிர்வரிசையில் இருக்கும் தன் அண்ணன் காசிவிஸ்வநாதன் வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் போனவள்தான். தீபாவளி நெருங்குகிறது. அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு வாய் காப்பிகூட இறங்கவில்லை, இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றுதானே சபதம், குரலைக் கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று யோசித்தேன். அதற்காகத்தான் டெலிபோன்.

கம்பியை நம் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுத் தெய்வநாயகத்தின் ரம்புத்தான் மரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சாலைக்கு மேலாக உன் அம்மான் வீட்டுக்கு இழுத்தோம். செவ்வெறும்பு விவகாரம் அந்த மரத்தில் நடந்தது. பாதி இழுத்த நிலையில் ஒரு மாத்தா-மாத்தா போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி, காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சேதி அனுப்பும் கம்பியா என்று விசாரித்தார். மனைவிக்கு என்றேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கி, ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நீ எழுதியிருந்தபடியே எல்லாம் செய்தேன். கைப்பிடியைச் சுற்றுகிறவர் சும்மா காத்திருக்க வேண்டும், மணி கேட்கிறவர்தான் முதலில் "ஹலோ" சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் சுற்றினேன், காத்திருந்தேன். அந்தப் பக்கம் மூச்சுப் பேச்சில்லை. மறுபடி சுற்றினேன், காத்திருந்தேன். மூன்று நாள் சாயங்காலமும் இதே கதை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருக்க, உன் ஆத்தாளும் அங்கே காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தெய்வநாயகம் வந்து சொன்னார். சரி, கம்பியில் உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று உன் இரண்டாவது கடிதத்தைப் பிரித்தேன். கம்பி நுனியை நாக்கில் வைத்தால் பாட்டரி புளிப்பாகத் தெரியும் என்று எழுதியிருந்தாய். அப்போது பெட்டியின் கைப்பிடியை யாரும் சுற்றக் கூடாது என்பதை ஏனப்பா அடுத்த பக்கத்தில் எழுதினாய்? நான் முதல் பக்கத்தில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். தெய்வநாயகம் உதவி செய்கிற நல்ல எண்ணத்தில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அப்பா ராசா?" என்று மலாயில் கேட்டார், என்ன ருசி என்று. பல தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி அவர். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அந்த நிமிஷம் எந்தப் பாஷையும் வரவில்லை.

அடுத்தபடியாக நீ சொன்ன வைத்தியம்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. கோளாறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தை இருந்தது இருந்தபடி நிறுத்திவைக்க வேண்டும், ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது, நீங்கள் டெலிபோன் வழியாக "ம், நடக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் அசையலாம் என்று எழுதியிருந்தாய். நீ பெட்டியைச் சொன்னாயோ என்னவோ. நான் அதை அப்படியே ஒரு தாளில் எடுத்தெழுதி உன் அம்மானுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் கோர்ட்டில் ரெக்கார்டு கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுத்தில் வந்தால் இடியானாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். தாளைப் படித்து முடித்ததும், "யாரும் அசையாதீங்க!" என்று சத்தம் போட்டாராம். அப்போது அவர் கால்சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவர் பெண்டாட்டி, உன் அம்மான்மிண்டி சிகப்பி, தோசைக்கல் முன்னால், கரண்டியைத் தூக்கிய கையோடு. உன் ஆத்தா ரிசீவரைக் காதில் வைத்தபடி. மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நான் இங்கிருந்து ரிசீவரில் "நடக்கட்டும், நடக்கட்டும்" என்று கத்தினேன். மரத்த நாக்கில் அது என்னவாக வெளியே போனதோ, எனக்கே புரியவில்லை. பதிலாகத் தோசை தீயும் வாடை மட்டும் சாலையைத் தாண்டி வந்தது. நானே நேரில் போனால் உன் ஆத்தா சபதம் உடைந்து இன்னொரு வம்பு வரும் என்று தெய்வநாயகத்தை ஓடச் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

"செமுவா டியாம், செட்டியார்! அடா ஹந்து கா?" என்றார். எல்லாரும் அசையாமல் நிற்கிறார்கள், பேய் அடித்துவிட்டதா என்று கேட்கிறார்.

"நடக்கலாம்னு சொன்னீங்களா?" என்றேன் மலாயில்.

சொன்னாராம். உன் அம்மான் உதட்டை அசைக்காமல், "டெலிபோன்ல வரட்டும்" என்று பதில் சொன்னாராம்.

என் பொறுமை அங்கேதான் போயிற்று. செத்த கம்பிதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். "காசிவிஸ்வநாதன்னு ஒரு மனுஷனா? மரமண்டை! நில்லுன்னா பொழுதுக்கும் நிப்பான். இவன் வீட்டுல எப்படித்தான் நாச்சி குடித்தனம் பண்றாளோ, பாவம்! அவ இல்லாம நான் இங்க பேயா அலையுறேன், அவன் அங்க கால்சட்டையில கால விட்டுட்டு நிக்கிறான்!"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். நாராயணா, உன் ஆத்தா சிரித்தாள். கவுனி அரிசிக்குச் சிரிக்காதவள் அண்ணனுக்குச் சிரித்தாள்.

"நீங்க சொல்றது அம்புட்டும் நெசம்" என்றாள். "அண்ணன் வளக்குற குருவி கூவுற நேரத்துல நான் இருமக்கூடக் கூடாதாம். சரி, அண்ணன் ஒத்தக் கால்ல ஆடுறாரு. நாங்க நகரலாமா?"

"நடக்கட்டும்" என்றேன். தடால் என்று ஒரு சத்தம். அது உன் அம்மான்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கம்பி முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மணிச் சத்தத்தில் தான் கூண்டில் வளர்க்கும் மெர்போக் குருவி கூவ மறுக்கிறது என்று உன் அம்மான் மணிக்குள் பஞ்சை அடைத்திருக்கிறார். மணி கேட்காததால் அவள் ஹலோ சொல்லவில்லை, அவள் சொல்லாததால் நான் பேசவில்லை. ஏன் மச்சான் சொல்லவில்லை என்று கேட்டால், "யாரும் எழுதிக் கேக்கலையே" என்கிறார். கம்பியில் நான் திட்டியது அவர் காதில் விழவில்லை, அது பிள்ளையார் செயல். உன் ஆத்தா அன்று சாயங்காலமே துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முகத்தை நேராகப் பார்த்தபடி வீடு வந்து சேர்ந்தாள். உன் கருவிகள் வேலையை முடித்துவிட்டன, வந்து கழற்றிக்கொண்டு போகலாம். நீ நோய்நொடியில்லாமல், தொட்ட கம்பியெல்லாம் பேச, எங்களைப் போல் நெடுநாள் ஒற்றுமையாக வாழ ஒரு பெண் அமைய, பொய்யாத விநாயகர் அருள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பச்சி
மருதப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. டெலிபோனை மழைச் சாரல் படாமல் வைப்பதற்காக உன் ஆத்தா சீராகக் கொண்டுவந்த பர்மா தேக்கு அலமாரிக்குள் வைத்திருந்தேன். கம்பி வருவதற்கு அதன் முதுகில் ஒரு ஓட்டை போட்டிருந்தேன், பட்டுச் சேலைத் தட்டுக்கு நேராக. அதை நாலு நாளைக்கு முன் பார்த்துவிட்டாள், இந்தத் தடவை வீட்டை விட்டு வந்தது நான். ஆகவே இனிமேல் எனக்கு எழுதுவதை உன் அம்மான் வீட்டு விலாசத்துக்கு எழுது. குருவி கூவுகிற நேரத்தில் இங்கே நானும் இருமுவதில்லை. ஆனால் ஒன்று. சாயங்காலமானால் உன் ஆத்தா அவளாகவே நம் வீட்டிலிருந்து கைப்பிடியைச் சுற்றுகிறாள். நேற்று விளக்கு வைத்த நேரத்தில் பேச ஆரம்பித்தவள், இங்கே சிகப்பி என்னை மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டும் நிறுத்தவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னிடம் அவள் இவ்வளவு பேசியதும் இல்லை, நான் இவ்வளவு கேட்டதும் இல்லை. தீபாவளிக்குக் கட்டாயம் வா. ஆனால் கையில் திருப்புளி கொண்டு வராதே. இந்த லைனில் ஒரு கோளாறும் இல்லை.