எல்லாவற்றையும் எழுதிவைத்த சர்வர்

மனிதர்களை நம்பாத நிறுவனங்கள் உலகில் பல உண்டு. ஆனால் நம்பாமையை ஒரு தவமாகவே செய்துவந்த பெருமை, மட்டாஞ்சேரியில் உள்ள ஒரு துப்புரவு ஒப்பந்த நிறுவனத்துக்கே உரியது.

அங்கே இருந்த டைரக்டரி சர்வருக்கு ஒரே வேலைதான். வாசலில் யாராவது விரல் வைத்தால், நம்ம ஆள்தானா என்று பெயர்களைத் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பொது மேலாளர் விஸ்வநாத்தின் ஆணைப்படி, பதில் சொல்லுமுன் அது யார் கேட்டார், எப்படிக் கேட்டார், எங்கெங்கே தேடினோம் என்று அத்தனையையும் லாக் என்னும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பிறகுதான் கதவு. இதற்கு 'முழு வெளிப்படைத்தன்மை' என்று பெயர்.

பள்ளுருத்தி பஸ்ஸில் வந்திறங்கும் தொழிலாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் விரல் வைப்பார்கள். சர்வர் எழுதும். அவர்கள் நிற்பார்கள். நின்ற நேரமெல்லாம் தாமதம். மாதத்தில் மூன்று தாமதமானால் வேலை போய்விடும். காளியம்மைக்கு இரண்டு ஆகிவிட்டது.

அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் காளியம்மையின் மகள் மஞ்சுஷா. அந்த வீட்டின் முதல் பட்டதாரி.

"மோளே, உன் மிஷின் என்னைத் தெருவுல நிறுத்திடும் போலிருக்கே."

"மிஷின் பாவம்மா. எழுதச் சொன்ன ஆளு ஏசியில இருக்காரு."

மறுநாள் கூட்டத்தில் அந்த ஆளிடமே கேட்டாள்.

"சார், இந்த லாக்கை யார் படிக்கிறாங்க?"

"படிக்கறதுக்கா எழுதறோம்? இருக்கட்டும்னுதான்."

"எழுதறதாலதான் சர்வர் மெதுவாகுது. தேவையானதை மட்டும், சேர்த்து வச்சு மொத்தமா எழுதினாப் போதும்."

"மெதுவாறதா? அப்போ ஏன் மெதுவாறதுன்னு அதையும் லாக்ல எழுதச் சொல்லு."

சூப்பர்வைசர் அபிலாஷ் கைதட்டினார்.

இருந்தாலும் நிர்வாகத்துக்கு இரக்கம் பிறந்தது. இரண்டாவதாக ஒரு சர்வர் வாங்கினார்கள், லாக் இல்லாமல். அதிகாரிகளின் கேபின் கதவு, மெயில், பிரின்டர் எல்லாம் இனி அதைத்தான் கேட்கும். "ஆபீஸர்களைச் சந்தேகப்படறது மரியாதையில்லை" என்றார் விஸ்வநாத். தொழிலாளிகளுக்கு வெளிப்படைத்தன்மை தொடர்ந்தது.

அன்று மாலை மஞ்சுஷா இரண்டு சர்வர்களின் முகவரிகளையும் இடம் மாற்றி வைத்தாள்.

காலையில் காளியம்மை விரல் வைத்ததும் கதவு திறந்தது. மாடியில் விஸ்வநாத் அட்டையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார்.

"மஞ்சுஷா, என் கதவு திறக்கலை."

"எழுதிட்டிருக்கு சார்."

"சாரே, போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்றார் அபிலாஷ், கனிவாக. "அதுக்குள்ள எழுதி முடிச்சிரும்."

"யார் இதை மாத்தினா?"

"லாக்ல இருக்கும் சார்" என்றாள் மஞ்சுஷா. "யாராவது உக்காந்து படிக்கணும்."

யாரும் உட்காரவில்லை. சாயா ஆறுவதற்குள் ஆணை வந்தது: 'நிர்வாக நலன் கருதி, முழு லாக் எழுதுவது உடனடியாக நிறுத்தப்படுகிறது.' தம் அன்றைய தாமதத்தை விஸ்வநாத் தாமே அடித்து, 'சர்வர் கோளாறு' என்று திருத்திக்கொண்டார்.

"அப்போ எங்கம்மாவோட ரெண்டையும் அடிச்சிருங்க சார். அதே சர்வர்தானே."

விஸ்வநாத் பொறுமையாக விளக்கினார்.

"அப்படியில்லம்மா. நான் நின்னது சர்வரால. உங்கம்மா நின்னது லேட்டா வந்ததால."