துணிக்கு அடியில் ஒரு சாண்

ஒரு காட்டில், மலைச்சரிவைக் குடைந்து கரடி ஒன்று தங்கும் விடுதி கட்டத் தொடங்கியது. அந்த வேலைக்கு மேற்பார்வையாளர் சடையாண்டி என்ற முள்ளம்பன்றி. பள்ளம் தோண்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அது சொல்லிக்கொண்டிருக்கும். கேட்க ஆள் கிடைக்காதபோது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.

கடைக்கால் தோண்டிய மண் எல்லையோரம் குன்றாகக் கிடந்தது. மழை அதைக் கரைத்துக்கொண்டு போகாமலிருக்க, எல்லை நெடுகத் தடுப்புத் துணி கட்ட வேண்டும் என்று காட்டு அலுவலகத்தின் உத்தரவு. சடையாண்டி குச்சி நட்டுத் துணியைக் கட்டியது. கைபேசியில் மூன்று படம் எடுத்து அனுப்பியது. மூன்றாவது படத்தில் துணியைவிடச் சடையாண்டிதான் பெரிதாகத் தெரிந்தது.

சரிவுக்குக் கீழே ஒரு குளம். அங்கிருந்து அழகம்மை என்ற ஆமை ஏறி வந்தது. வந்து சேர அரை நாள் ஆயிற்று.

"தம்பி, துணி சும்மா தொங்குதே. ஒரு சாண் பள்ளம் வெட்டி அடியைப் புதைச்சாத்தானே தண்ணி கீழ நுழையாது? கரையில பதினோரு முட்டை வச்சிருக்கேன்."

"துணி இருக்கான்னுதான் படிவத்துல கேட்டிருக்காங்க அக்கா. புதைச்சிருக்கான்னு கேக்கல" என்றது சடையாண்டி. தன் சாமர்த்தியத்தை நினைத்து அதற்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் மதியம் கொட்டிய மழையில் செம்மண் துணிக்கு அடியில் புகுந்து ஓடியது. சடையாண்டி பதறி இறங்கிப் போனபோது குளக்கரையே சேற்றுக்குள் இருந்தது. அழகம்மை கால்களால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டும் பொழுது சாயும்வரை தோண்டின. எட்டு முட்டைகள்தான் முழுசாகக் கிடைத்தன.

இரண்டு நாள் கழித்து ஆய்வாளர் மயில் வந்தது.

"துணியில ஒரு பொட்டுச் சேறு இல்லையே. இந்தக் காட்டிலேயே சிறந்த தடுப்பு இதுதான்" என்று பாராட்டுச் சான்றிதழை நீட்டியது.

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்த சடையாண்டி, அதில் தன் பெயர் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

அன்று அதற்குக் கிழங்கு இறங்கவில்லை. விடிந்ததும் எல்லை நெடுகப் பள்ளம் வெட்டி, துணியின் அடியைப் புதைத்து, மண் போட்டு மிதித்து இறுக்கியது. அடுத்த மழையில் அவ்வளவு சேற்றையும் தாங்கிக்கொண்டு துணி தொப்பை போட்டு நின்றது. குளம் கலங்கவில்லை. எட்டு முட்டைகளும் பொரிந்தன.

மயில் மறுபடி வந்தது. "என்னங்க இது, பார்க்கவே சகிக்கல. பராமரிப்பே இல்லை. ஒரு வாரத்துல விளக்கம் கொடுங்க."

"சேத்தைப் பிடிக்கத்தானே சார் துணி?"

"அது உங்க கருத்து. போன தடவை எவ்வளவு நல்லா வச்சிருந்தீங்க."

சடையாண்டி மூன்று நாள் யோசித்தது. பிறகு, புதைத்த துணிக்கு ஒரு முழம் வெளியே புதிதாக ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியது. அதைப் புதைக்கவில்லை. வாரம் ஒருமுறை அவிழ்த்து அலசிக் கட்டியது. துவைக்கும்போது முள் குத்தி விழுந்த ஓட்டைகளை அழகம்மை உட்கார்ந்து தைத்துக் கொடுத்தது. அந்த வருடம் மாதிரித் தடுப்பு என்று காடு முழுவதும் காட்டப்பட்டது அந்த வெள்ளைத் துணிதான்.

நீதி: சேற்றைத் தடுக்கும் துணியைப் புதைக்கவும், ஆய்வாளரைத் தடுக்கும் துணியைத் துவைக்கவும்.