எங்கள் வீட்டு முதல் பட்டதாரி

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். என் மகள் தமிழ்மதியைக் கல்லூரிக்குத் தயார் செய்யும் பொறுப்பு முழுவதையும் இனி நானே ஏற்றுக்கொள்வது. நேராகச் சமையலறைக்குப் போய் அறிவித்தேன். என் மனைவி அன்புக்கரசி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இனிமே இவ காலேஜ் விசயம் எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன். நீ எதுலயும் தலையிடாத."

"சரிங்க."

"ஏன்னா, இந்த வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச ஆளு நான் ஒருத்தன்தான்."

"ஆமாங்க. வாசலை மிதிச்சிருக்கீங்க."

அவள் சொன்ன விதத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். அவரைக்காய் வெஞ்சனத்தை நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

என் பெயர் சூசைராஜ். திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு விதைக்கடையில் இருபத்தோரு வருடமாக வேலை பார்க்கிறேன். தக்காளி விதை, கத்தரி விதை வாங்க வரும் விவசாயிகளுக்கு நான் "பீகாம் அண்ணன்". கன்னிவாடியில் போய்ச் சூசைராஜ் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பீகாம் என்றால் வழி சொல்வார்கள். வீட்டு வாசலில் பலகை தொங்குகிறது: ச. சூசைராஜ், பி.காம். கல்யாணப் பத்திரிகையிலும் பி.காம் உண்டு. ரேஷன் கார்டில் படிப்புக்கு இடம் விடாததால் அதில் மட்டும் வரவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் பி.காம் இல்லை. ஒரே ஒரு பேப்பர் பாக்கி. புள்ளியியல். முதல் தடவை எழுதியபோது முப்பத்தொன்று வாங்கினேன். இரண்டாம் தடவை இருபத்தாறு. படிக்கப் படிக்க மதிப்பெண் இறங்கிக்கொண்டே போனது. ஏழாவது தடவை பதினொன்று. இன்னொரு தடவை எழுதினால் நான்தான் பல்கலைக்கழகத்துக்கு மார்க் கொடுக்க வேண்டிவரும் என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.

வேலை தேடும்போது "பி.காம் படிச்சேன்" என்றேன். அது உண்மை. கடை முதலாளி அதை "பி.காம்" என்று சுருக்கிக்கொண்டார். கல்யாணத் தரகர் பத்திரிகையில் அச்சடித்தார். திருத்துவதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

இதில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. பெண் பார்க்கப் போனபோது அன்புக்கரசி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" அவள் பிளஸ் டூவில் ஆயிரத்து அறுபத்திரண்டு மார்க் வாங்கியவள். அவளுடைய அப்பா அதற்கு மேல் அனுப்பவில்லை. "பி.காம்" என்றேன். முகம் மலர்ந்தது. இவ்வளவு நாளும் நான் வாய் திறக்காததற்குக் காரணம் அந்த முகம்தான்.

சரி, கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மொட்டை மாடியில் வகுப்பு ஆரம்பித்தேன். தமிழ்மதி, எதிர்வீட்டு நாசர் மகள் கமர்ஜஹான், பக்கத்துத் தெரு முகேஷ்குமார் என்று மூன்று மாணவர்கள். பாடம்: கல்லூரி வாழ்க்கைக்குத் தயாராவது எப்படி. பேச ஆரம்பித்தால் எனக்கே நிறுத்த மனம் வரவில்லை.

தொண்ணூற்றாறாம் வருடம், மதுரை, விடுதி அறை எண் பதினேழு. நாலு பேர், ஒரு வாளி. நெய்க்காரப்பட்டி ஈஸ்வரன் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அச்சு வெல்லம் கொண்டுவருவான். பெட்டியைத் திறக்கும் முன்பே வாசனை அறைக்கு வந்துவிடும். மாசக் கடைசியில் டீக்குக் காசு இருக்காது. வெந்நீரில் அந்த வெல்லத்தைப் போட்டுக் குடித்துவிட்டு விடிய விடியப் பேசியிருக்கிறோம். அப்படி என்னதான் பேசினோம் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் வெல்ல வாசனை வருகிறது. ஈஸ்வரன் யாரிடம் பேசினாலும் மரியாதைதான். ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் கேட்பான்: "ஏனுங்க சூசை, இந்த வாட்டியாவது தேறிப்போடுவீங்களா?" இந்தக் கடைசி வரியை மட்டும் மாடியில் நான் சொல்லவில்லை.

"முதல்ல ஒரு டிரங்குப் பெட்டி வாங்கணும். அதுக்கு நல்ல பூட்டு. அப்புறம் அம்பது போஸ்ட் கார்டு," என்றேன்.

"அங்கிள், போஸ்ட் கார்டு எதுக்கு?" என்றாள் கமர்ஜஹான்.

"வீட்டுக்கு எழுத."

"போன் இருக்கே அங்கிள்."

"போன்ல அழுதா அவங்களுக்குக் கேட்கும். கார்டுல அழுதா கேட்காது. எழுதிக்க."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். "புள்ளியியல்னு ஒரு பேப்பர் வரும், பாத்து சூதானமா இருங்க," என்றும் எச்சரித்தேன். தமிழ்மதி மட்டும் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரிசல்ட் வந்தது. தமிழ்மதி நல்ல மார்க். கோயம்புத்தூரில் வேளாண்மை படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. சின்ன வயதில் என் கடைக்கு வந்து விதைப் பாக்கெட்டுகளைப் பெயர் சொல்லி அடுக்கிய பிள்ளை. விடுதிச் செலவோடு சேர்த்தால் என் சம்பளத்துக்கு அது எட்டாத தூரம். அப்போதுதான் விண்ணப்பத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. முதல் பட்டதாரி சான்றிதழ். குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை.

அன்றைக்கு ராத்திரி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சான்றிதழ் வேண்டுமென்றால் நான் பட்டதாரி இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் பிள்ளை உள்ளூரிலேயே எதையாவது படிக்க வேண்டும்.

யோசித்து ஒரு திட்டம் போட்டேன். உண்மையை அரசாங்கத்திடம் மட்டும் சொல்வது. அன்புக்கரசியிடம் சொல்வதில்லை. தெருவிடமும் சொல்வதில்லை.

எங்கள் பகுதி இ-சேவை மையத்துக்குப் போகாமல், ஊரின் மறுகோடியில் இருந்த ஒன்றுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த நஜ்முன்னிசா கடகடவென்று கேட்டார்.

"அப்பா படிப்பு?"

"பன்னெண்டு," என்றேன், காற்றுக்கே கேட்காத குரலில்.

"கேக்கல சார். சத்தமா."

"பன்னெண்டு."

பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. எங்கள் கடைக்கு விதை வாங்க வரும் கன்னிவாடி மலைச்சாமி. பட்டாவுக்கு வந்திருக்கிறார்.

"அட, நம்ம பீகாம் அண்ணே. இங்கிட்டு எங்க?"

"ஒரு படிக்காத ஆளுக்கு எழுதிக் குடுக்க வந்தேன் மலைச்சாமி."

"ஒங்க மனசு யாருக்கு வரும்ணே," என்றார் மலைச்சாமி. நஜ்முன்னிசா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அம்மா படிப்பு?"

"அதுவும் பன்னெண்டுதான்," என்றேன். இந்தப் பதிலை மட்டும் தெம்பாகச் சொன்னேன்.

நாலாவது நாள் கிராம நிர்வாக அலுவலர் பாண்டியராஜ் போன் செய்தார். விசாரணைக்கு வீட்டுக்கு வரவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு வரச் சொன்னேன். அன்புக்கரசி மாதா கோயில் எட்டு மணிப் பூசைக்குப் போனால் திரும்ப ஒன்பதரை ஆகும். தமிழ்மதியும் கூடப் போவாள். திட்டத்தில் ஓட்டையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் அன்புக்கரசி அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பூசைக்குப் போகல?"

"ஆறு மணிப் பூசைக்கே போயிட்டு வந்துட்டோம்ங்க. யாரோ வாராங்கன்னு தோணுச்சு."

கேட்பதற்குள் வாசலில் வண்டி நின்றது. பாண்டியராஜ் இறங்கினார். உள்ளே வராமல் பலகையைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு கையிலிருந்த விண்ணப்பத்தைப் படித்தார். அதே நேரம் பார்த்து நாசர் பால் வாங்கிக்கொண்டு வந்தார்.

"பாய், நீங்க பக்கத்து வீடா? இவரு என்ன படிச்சிருக்காரு?"

"பி.காம் சார். இந்தத் தெருவுக்கே அவருதான் படிச்சவரு. எங்க பிள்ளைகளுக்கெல்லாம் காலேஜ் பத்தி அவருதான் சொல்லித் தாராரு," என்றார் நாசர். நட்பு என்றால் அப்படி ஒரு நட்பு.

பாண்டியராஜ் பேனாவை எடுத்தார். "அப்ப தள்ளுபடின்னு எழுதிறவா சார்?"

அன்புக்கரசி காபியோடு வந்து நிற்கிறாள். கதவோரம் தமிழ்மதி. அவள் கையில் வேளாண்மைக் கல்லூரி விண்ணப்பம். நான் பேனாவைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன்.

"எழுதாதீங்க சார். நான் பி.காம் இல்ல. ஒரு பேப்பர் பாக்கி. ஏழு தடவை எழுதியும் தேறல. இருபது வருசமா எல்லாருட்டயும் பொய் சொல்லியிருக்கேன். எம் பொண்டாட்டிட்ட மொதக்கொண்டு."

நாசர் பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். அன்புக்கரசியை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த மூட்டை இறங்கியதும் உண்மை.

பாண்டியராஜ் நல்ல மனிதர். "பிள்ளைக்காகச் சொன்னீங்க பாருங்க, அது பெருசு சார்," என்றார். "அம்மா, நீங்களும் பன்னெண்டுன்னு போட்டிருக்கு. இந்த உறுதிமொழியில ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நான் போட முடியாதுங்க சார்."

"ஏம்மா?"

"பொய் உறுதிமொழி ஆயிருமே. நான் பி.காம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிர்ச்சியில் உளறுகிறாள் பாவம். "அன்பு, நான்தான் பி.காம் இல்லன்னு சொல்லிட்டேனே."

"நீங்க இல்லங்க. நான். அஞ்சல் வழியில படிச்சேன். போன வருசம் பட்டம் வாங்குனேன்."

"எப்ப படிச்ச?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மதுரையில எங்க அக்கா வீட்டுக்குப் போனேன்ல. அது கிளாஸுங்க."

"ஒங்க அக்காவுக்கு முடியலன்னு நாலு நாள் தங்கியிருந்தியே?"

"பரீட்சை."

"நான் ஆரஞ்சுப்பழம் வாங்கிக் குடுத்துவிட்டேனே."

"நல்ல இனிப்புங்க. எழுதிட்டு வந்து சாப்ட்டேன்."

உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அன்புக்கரசி பட்டதாரி என்றால் சான்றிதழ் கிடையாது. என் மானம் போனதுதான் மிச்சம், பிள்ளையின் படிப்பும் போச்சு.

பாண்டியராஜ் தமிழ்மதியைக் கூப்பிட்டார். "பாப்பா எந்த ஸ்கூல்?"

"கவர்மெண்ட் கேர்ள்ஸ் ஸ்கூல் சார். ஆறாப்புல இருந்து."

"அட, அப்புறம் இதெல்லாம் எதுக்கு? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை சதவீதம் ஒதுக்கீடு இருக்கே. அதுல சீட்டு கிடைச்சா படிப்பு, ஹாஸ்டல் எல்லாத்துக்கும் அரசாங்கமே கட்டிரும்."

"அதுக்குப் பதிஞ்சு பத்து நாளாச்சு சார்," என்றாள் அன்புக்கரசி. "இந்த மார்க்குக்குக் கெடைச்சிரும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"இதை ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?" என்றேன்.

"எதுலயும் தலையிடாதன்னு சொன்னீங்க."

பாண்டியராஜ் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாசர் பால் பாத்திரத்தை எங்கள் வாசலிலேயே மறந்துவிட்டுப் போனார். தமிழ்மதி அதைக் கொடுக்கப் போனாள். நானும் அன்புக்கரசியும் மட்டும் இருந்தோம்.

"நான் தேறலைன்னு எப்பத் தெரியும் ஒனக்கு?"

"கல்யாணமாகி மூணாம் வாரம். ஒங்க பெட்டியில வேட்டி எடுக்கப் போனேன். அடியில ஏழு ஹால் டிக்கெட் இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க. ஒண்ணு போதும்னு விட்டுட்டேன். என்னைக்காவது நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு எட்டரை மணிக்கு ஆபீசர் வாராருன்னு நீங்க போன்ல குசுகுசுன்னு பேசுனது கேட்டுச்சு. இன்னைக்குச் சொல்லிருவீங்கன்னு தெரிஞ்சுச்சு. அதான் கூட இருக்கணும்னு சீக்கிரமே பூசைக்குப் போயிட்டு வந்துட்டேன்."

"நீ பாஸானதையாவது சொல்லியிருக்கலாம்ல."

"அந்த போர்டைத் தொடைக்கும்போது அம்புட்டு நிமிந்து நிப்பீங்க. நான் சொன்னா குனிஞ்சிருவீங்க. மனசு வரல."

என் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஆயிரத்து அறுபத்திரண்டு மார்க் வாங்கி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்ட பெண்ணை, அத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். அவள் ஒரு நாளாவது படிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறாளா என்று நான் யோசித்ததே இல்லை. இருந்தாலும் மனுசன் மனசு இருக்கிறதே. ஒரு மூலையில் ஒரு சின்ன ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாழாய்ப்போன பேப்பரில் இவளும் ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது கோட்டை விட்டிருக்க மாட்டாளா?

"அன்பு, புள்ளியியல் உனக்கு எப்படி இருந்துச்சு?"

"அதுவா? அப்ப நம்ம மதி பத்தாப்பு. அதே கணக்கு அவ புத்தகத்துலயும் இருந்துச்சுங்க. அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா."