நூற்றாண்டு விழாவுக்கு நான் மாட்டிய படம்

எனக்குப் பொறுமை கிடையாது. குக்கர் விசில் அடிப்பதற்குள் நாலு தடவை அடுப்படியை எட்டிப் பார்க்கிற ஜென்மம். அப்படிப்பட்டவளை நூலகத்தில் வேலைக்கு வைத்தால் என்ன ஆகும்?

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். எங்கள் பக்கத்து நாடக ஆசிரியர் ஒருவருக்கு அந்த வருடம் நூற்றாண்டு. அவருடைய நாடகப் பிரதிகள், பழைய நோட்டீசுகள், பத்திரிகைத் துண்டுகள் எல்லாவற்றையும் வாசகசாலையில் கண்காட்சியாக வைக்கும் பொறுப்பை நூலகர் சரோஜா மேடம் என்னிடம் கொடுத்தார்.

"இத நல்லபடியா முடிச்சிரு கண்ணு. உன்ற வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி நானே பிரின்சிபால்கிட்டப் பேசறேன்."

அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. ஏணியில் ஏறினேன், இறங்கினேன், தூசியில் தும்மித் தீர்த்தேன். எல்லாம் கிடைத்தது, ஆசிரியரின் படம் மட்டும் கிடைக்கவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவருடைய எழுபத்தைந்தாம் ஆண்டுக்குப் போட்ட விழா மலர் அகப்பட்டது. முதல் பக்கத்திலேயே முறுக்கு மீசையும் தலைப்பாகையுமாக ஒரு கம்பீரமான முகம். கீழே பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. (விழா மலரில் முதல் படம் வேறு யாருடையதாக இருக்கும்?) அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். எனக்கோ காந்திபுரத்தில் ஸ்டுடியோ சாத்துவதற்குள் போய்விட வேண்டுமே என்ற தவிப்பு.

படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, விழாவன்று காலையில் மாட்டினேன். கண்ணாடியில் சந்தனம், குங்குமம். மேலே சந்தன மாலை. எதிரே குத்துவிளக்கு, ஊதுபத்தி. எனக்கே கண் கலங்கிவிட்டது.

சிறப்பு விருந்தினர் உடுமலைப்பேட்டையிலிருந்து மனைவியோடு வந்தார். எழுபதைத் தாண்டியவர், வழுக்கைத் தலை, மழித்த முகம். எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவை முன்னின்று நடத்தியவர் இவர்தான் என்று மேடம் அறிமுகப்படுத்தியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. பூத்தட்டை நீட்டினேன்.

பெரியவர் கை நிறையப் பூ எடுத்தார். படத்தைப் பார்த்தார். பூவைத் திரும்பத் தட்டிலேயே போட்டார்.

"ஏனுங்கம்மணி, நான் எப்பங்க போய்ச் சேந்தேன்?" என்றார் மெதுவாக.

அவர் மனைவி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அட சாமி! இது எங்கூட்டுக்காரருங்க! நான் பொட்டும் பூவுமாப் பக்கத்துல நிக்கறேன், அதுக்குள்ள மாலையப் போட்டுப்போட்டீங்களே!"

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. பிளக்கவில்லை. ஸ்டூலில் பாய்ந்தேறிப் படத்தைப் பிடுங்கினேன். மாலை நழுவிப் பெரியவரின் தோளிலேயே விழுந்தது. அந்தம்மா மறுபடி அலறினார்.

பெரியவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. அந்த வேலைக்கு நான் அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன். வீடு போய்ச் சேரும்வரை டவுன் பஸ்ஸில் அழுதேன். அடுத்த மாதம் என் இடத்தில் வேறொருத்தி வந்தாள்.

எனக்குக் கல்யாணமானபோது, இந்தக் கதை எனக்கு முன்பே புகுந்த வீட்டுக்குப் போயிருந்தது. மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தன்று அவர் படத்தை மண்டப வாசலில் மாட்டலாமென்று எழுந்தேன். மாமியார் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ பந்திய மட்டும் பாரு கண்ணு. படத்துப் பக்கம் போயிராத."

மாமனாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இன்றும் நான் பூச்சரத்தோடு கூடத்துக்குள் வந்தால், ஈசிசேரிலிருந்து ஒருமுறை சத்தமாக இருமிக் காட்டிவிட்டுச் சொல்வார்: "இருக்கறேனம்மணி!"