கடைசிநாள் தண்ணீர்க்காரர்

உங்கள் ஊரில் நல்லவர், வல்லவர், நாலும் தெரிந்தவர் எல்லாம் இருக்கலாம். கடைசிநாள் தண்ணீர்க்காரர் இருக்கிறாரா? கட்டாயம் இருப்பார். இருபது நாள் மறந்ததை ஒரே பகலில் ஊற்றிச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்புகிற இனம் இது.

கொல்லயில் என்ற எங்கள் ஊரில் அந்த இனத்தின் திலகம் கனகதாஸ். மகள் பின்சியின் பேறுகாலத்துக்காகத் திருப்புறம் கிளம்பிய அவர் மனைவி சுகிர்தபாய், ஆட்டோவில் ஏறியபிறகும் சொன்னார்:

"இடவப்பாதி மழை ஏமாத்திப்போட்டு. ரம்புட்டான் மரத்துக்கெல்லாம் ஒண்ணுவிட்டு ஒருநாள் வெள்ளம் விடணும், கேட்டியளா? காயவும் விடப்பிடாது, தேங்கி நிக்கவும் விடப்பிடாது. முதல் காய்ப்பாக்கும். சபையில முதற்பலன் ஏலத்துக்கு ஒரு கூடை நேர்ந்திருக்கேன்."

"எனக்குத் தெரியாதா எட்டி? நீ போயிட்டு வா."

தெரியாமலா? இந்த இனத்துக்கு எல்லாம் தெரியும். மண்ணின் ஈரத்தைப் பற்றிப் பாறசாலைச் சந்தையில் அரைமணி நேரம் பேசுவார்; சொட்டுநீர் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்புவார்; மனைவி போனில் கேட்டால் "விட்டாச்சு, விட்டாச்சு" என்று இரண்டுமுறை சொல்வார்; வீட்டில் மோட்டார் சுவிட்சைத் தவிர மற்ற எல்லா சுவிட்சையும் தொடுவார்.

பதினெட்டாம் நாள் விடியற்காலை போன் வந்தது. "நாளைக்கு வாறேன்."

மனிதர் பறந்தார். காலையில் போட்ட மோட்டார் கிணறு வற்றி இருமும்வரை ஓடியது. மரத்தடியெல்லாம் குளம். பக்கத்து வீட்டுச் சிவானந்தம் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன கனகதாசே, மீன் வளக்கப் போறியளா?"

"அவ வரும்போ மண்ணு நனைஞ்சு கிடக்கண்டாமா அண்ணே?"

மண் நனைந்தது. காய்ந்து கிடந்த மரங்கள் கிடைத்ததையெல்லாம் குடித்தன. பழத்துக்குள்ளே சதை வீங்கியது. தோலால் தாங்க முடியவில்லை. சுகிர்தபாய் வந்து பார்த்தபோது குலைகுலையாகப் பழங்கள் வெடித்து, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. நாலு வருஷம் வளர்த்தவர் அவர்.

"வௌவாலாக்கும்," என்றார் கனகதாஸ்.

"வௌவால் கடிச்சா பல்லு பதியும். இது நெடுக வெடிச்சிருக்கு. எத்தன நாளு விடல்ல?"

"நேத்துகூட விட்டேனே!"

சுகிர்தபாய் கத்தவில்லை. வெறுங்கூடையை எடுத்து நீட்டினார். "பொட்டாத பழமா பறிச்சு இத நெறைச்சிட்டு வாங்க. பொறவு சோறு."

மனிதர் பசியோடு மரம் மரமாக அலைந்தார். ஏழு பழம் தேறியது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஊருக்குப் போன உங்கள் வீட்டம்மாவும் நாளை திரும்புகிறார் அல்லவா? மொட்டைமாடி ரோஜாத் தொட்டி இப்போதுதானே நினைவுக்கு வந்தது? முதலில் அந்த வாளியைக் கீழே வையுங்கள்.